ஜன்னல் மூலையில் சுற்றி வைத்த முடி

பேய், ஆவி இதெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை, சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில். ராத்திரியில் மோட்டார் தானாக ஓடுது, ஏதோ காத்து கருப்பு போல என்று பயந்துபோய் வருகிறவர்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, ஸ்டார்ட்டரைக் கழற்றி உள்ளே செத்துக் கிடக்கிற பல்லியை எடுத்துக் காட்டி அனுப்புகிறவன் நான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. என் மச்சானே நம்பவில்லை, தூக்கம் இல்லாமல் இருக்கீங்க மாமா, ஒரு டாக்டரைப் பாருங்க என்று சொல்லிவிட்டான்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். நானும் என் மனைவி வளர்மதியும் எங்கள் ஒரே பெண் யாழினியும். சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வேலை தவறாது. யாழினி ஸ்கூல் விட்டு வந்து முகம் கழுவியதும் ஜன்னலுக்குக் கீழே அவளை உட்கார வைத்து, பின்னால் மணையைப் போட்டு வளர்மதி உட்கார்ந்துகொள்வாள். தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, நேர்வகிடு எடுத்து, ரெட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டுவாள். நடுவில் பிள்ளை தலையைத் திருப்பினால் தோளில் ஒரு தட்டு விழும். கோணல் வகிடு அவளுக்குப் பிடிக்காது. சீப்பில் வந்த முடியை ஆள்காட்டி விரலில் சுற்றி, தூ என்று ஒரு துப்பு துப்பி ஜன்னல் கம்பி மூலையில் செருகி வைப்பாள், காலையில் குப்பையோடு போகும். இவ்வளவும் விளக்கு வைப்பதற்கு முன்னால் முடிய வேண்டும். விளக்கு வைத்த பிறகு வீட்டில் யாரும் சீப்பைத் தொடக் கூடாது, அது அவள் சட்டம். நான் சிதம்பரத்திலிருந்து சாயங்கால பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கி வீடு வருவதற்குள் விளக்கு வைத்திருப்பாள், முகம் கழுவிவிட்டு நான் சீப்பை எடுத்தால் போதும், "ஏங்க, விளக்கு வச்சாச்சு, கீழ வைங்க" என்று அடுக்களையிலிருந்தே சத்தம் வரும். இருக்கிற நாலு முடியை வாருவதைப் பார்த்தா மகாலட்சுமி ஓடிவிடப் போகிறாள் என்று கிண்டல் செய்வேன். இப்போது அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அவளுக்கு வியாதி வந்தது. புற்று. புதுச்சேரிக்கு ஊசி போடக் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தோம். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, கோடு போட்ட மாதிரி நேர் முடி, யாழினிக்கும் அப்படியே. அது கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அப்போதும் அவள் பழக்கத்தில் அதை விரலில் சுற்றினாள், சுற்றச் சுற்ற விரல் கொள்ளாமல் போய், அப்படியே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பின்னுவதை மட்டும் விடவில்லை.

இனிமேல் ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு முடி மறுபடி முளைத்தது. ஆனால் நேர் முடி இல்லை, சுருட்டை. பிறந்த குழந்தைக்கு இருக்கிற மாதிரி மெத்தென்று, சுருள் சுருளாக. கண்ணாடியைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"இது யாரு வூட்டு முடியோ, எனக்கு வந்து மொளச்சிருக்கு. கொஞ்சம் வளரட்டும், ஒரு நாளைக்கு பூ வச்சிக்கணும்ங்க."

வளரவில்லை. விரல் கணு அளவுகூட வரவில்லை, அதற்குள் போய்விட்டாள். பூவோடு அனுப்ப வேண்டும் என்று உறவுக்காரப் பெண்கள் மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், அந்தக் குட்டை முடியில் ஊக்கு நிற்கவில்லை. சரம் நழுவி நழுவி விழுந்தது, யாராவது ஒருத்தர் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு யாழினி தலையில் யாரையும் கை வைக்க விடவில்லை. ஸ்கூல் விட்டதும் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்வார்கள், சோறு ஊட்டுவார்கள், பாடம் சொல்லிக் கொடுப்பார்கள், அவர்கள் சீப்பை எடுத்தாலே இவள் எழுந்து ஓடுவாள். நான் வரும்போது பொழுது போயிருக்கும். நானே போய் விளக்கை ஏற்றுவேன், ஏற்றிய பிறகு சீப்பை எடுத்தால், "விளக்கு வச்சாச்சுப்பா, தொடக் கூடாது" என்பாள். அத்தனை நாள் அந்தச் சட்டத்தைக் கிண்டல் செய்தவன், வளர்மதி போன பிறகு அதை மீற மனசு வராமல் சீப்பைக் கீழே வைத்துவிடுவேன். காலையில் எடுத்தால் வலிக்குது என்று கத்துவாள். மோட்டார் காயிலுக்குப் பொடிக் கம்பியைச் சிக்கில்லாமல் சுற்றுகிற கைக்கு ஒரு பின்னல் வரவில்லை. முடி சடை விழுந்து போயிற்று, பேன் வேறு. ஸ்கூலில் டீச்சர் கூப்பிட்டு, வெட்டிவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய் கிராப் வெட்டிவிடலாம் என்று முடிவு செய்து அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா வந்தா எத பின்னுவாங்க?" என்று கேட்டாள்.

சாப்பிடு என்றேன்.

அதற்கு மறுநாள், சனிக்கிழமை. வழக்கம்போல் பாசஞ்சரில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன். ரோஸ்லின் அக்கா அவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பாப்பா தூக்கம் வருதுன்னு சொல்லிச்சு தம்பி, சாவிய வாங்கிகிட்டு உங்க வூட்டுலயே போய் படுத்துடுச்சு, நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன் என்றார்கள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு. லைட்டைப் போட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையில் ரெட்டைப் பின்னல். மடித்துக் கட்டிய ரிப்பன், நேர்வகிடு, எண்ணெய் வாசனை. சீப்பு உள்ளேயே போகாமல் இருந்த தலையில் ஒரு சிக்கு இல்லை.

ரோஸ்லின் அக்காதான் எப்படியோ சமாதானம் செய்து பின்னியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் வெளியே போய் நன்றி சொன்னேன். அவர்கள் ஒன்றும் புரியாமல் கூடவே எழுந்து வந்தார்கள். உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"நான் தொடல தம்பி. யாரும் இந்த வாசல்ல நுழையல. நான் எந்திரிக்கவே இல்ல."

கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. யாழினியை எழுப்பி, யாரு பின்னிவிட்டா என்று கேட்டேன்.

"அம்மா" என்றாள், தூக்கக் கலக்கத்தில், தினமும் நடக்கிற விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

பேசினாங்களா என்றேன். ஒன்றும் பேசவில்லையாம். சிக்கெடுக்கும்போது ரொம்ப வலித்ததாம், ஆனால் அழவில்லையாம். எப்படி இருந்தாங்க, முகத்தைப் பாத்தியா என்று கேட்டேன்.

"நான் திரும்பல. தலைய ஆட்டுனா திட்டுவாங்க இல்ல?"

அப்புறம் எங்கே போனாங்க?

"தெரியலப்பா. இருட்டாவ ஆரம்பிச்சதும் கைய எடுத்துட்டாங்க."

ரோஸ்லின் அக்கா அழுதுவிட்டார்கள். நான் பைத்தியக்காரன் மாதிரி அடுக்களை, கொல்லை, கிணற்றடி எல்லாம் போய்ப் பார்த்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பயம் என்று ஒன்று எனக்கு வரவே இல்லை. கோபம்தான் வந்தது. பிள்ளைக்காக வந்தவள், விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று என்று எழுந்து போயிருக்கிறாள். என் ரயில் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? செத்த பிறகுமா ஒருத்தி சட்டம் பார்ப்பாள்?

முடியை வெட்டவில்லை. கடை முதலாளியிடம் பேசி, காலையில் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, மதியத்துக்கு மேல் கிளம்புகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். அவள் வருகிற நேரத்துக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் எண்ணம். தினமும் பொழுது சாய்வதற்குள் வந்து, பிள்ளையை ஜன்னலுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு எதிர்ச் சுவர் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பிள்ளை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எத்தனை நாள்தான் உட்காரும்? ரோஸ்லின் அக்காவிடமே பின்னக் கற்றுக்கொண்டேன். இப்போது நான்தான் பின்னுகிறேன், வகிடு இன்னும் கோணல்தான். யாழினி என் கைக்கு மட்டும் தலையைக் கொடுக்கிறாள்.

ஒரு நாள் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். நான் இல்லாவிட்டால் வருவாளோ என்று ஒரு ஆசை. பழைய பாசஞ்சரில் வந்து இறங்கி வீட்டுக்கு ஓடினேன். யாழினி ஜன்னலுக்குக் கீழே சீப்பை மடியில் வைத்துக்கொண்டு தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். ஏன்ப்பா லேட்டு, விளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சு என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு நான் தாமதித்ததில்லை.

மச்சான் சொல்வதை நானும் யோசித்துப் பார்த்தேன். பிள்ளை தானே பின்னியிருப்பாள், அம்மா நினைப்பில் கனவு கண்டிருப்பாள் என்கிறான். சரி, இருக்கட்டும். ஆனால் அவனிடம் காட்டாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை, பிள்ளை மறுபடி தூங்கிய பிறகு ஜன்னல் கம்பி மூலையில் பார்த்தேன். விரலில் சுற்றின மாதிரி வளையமாக ஒரு முடிச்சுருள் செருகியிருந்தது. பிரித்தேன். எல்லாம் யாழினியின் நேர் முடி. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. ரோஸ்லின் அக்காவுக்கு முழுக்க நரை, இது கறுப்பு. வளர்மதியின் பழைய முடி தலையணையில் எங்காவது ஒட்டியிருந்திருக்கும் என்று சொல்வீர்கள். அவளுடைய பழைய முடி நேர் முடி. இது சுருட்டை. மெத்தென்று, சுருள் சுருளாக.

அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். எப்போதாவது எடுத்து நீட்டிப் பார்ப்பேன். அவள் போகும்போது விரல் கணு அளவுகூட இல்லாத முடி, விரல் நுனியில் பிடித்தால் என் முழங்கை வரைக்கும் வருகிறது. பூ வைத்தால் நழுவாது.