வெர்னா கோஸ்கியின் இடது முட்டி

அக்டோபரில் முதல் பனி விழுந்த வாரம், வெர்னா கோஸ்கி தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆம்புலன்சுக்கு போன் போடப் போனவர்களை, உடையாத கையை நீட்டித் தடுத்திருக்கிறாள்.

"அதுக்கு ஆகிற காசுல பழைய கார் ஒண்ணு வாங்கி, அதுலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்."

இன்னொரு பேருந்து ஓட்டுகிற டேல்தான் தன் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் கழித்து, எங்கள் ஆஸ்பத்திரியில் நான் உட்காரும் கண்ணாடித் தடுப்பின் முன்னால் வந்து நின்றாள். ஆபரேஷன்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. கட்டுப் போட்ட கையைப் பந்தயத்தில் வென்ற கோப்பை போலத் தூக்கிக் காட்டினாள்.

"கண்ணு, வரம்பு தாண்டிட்டேன்!"

காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து அவளுடைய இடது கையைக் குலுக்கினார்.

ஆண்டின் மருத்துவச் செலவில் முதல் ஆறாயிரம் டாலர் வெர்னாவின் பாடு. அதைத் தாண்டினால்தான் காப்பீட்டுக் கம்பெனி கண் திறக்கும். டிசம்பர் முப்பத்தொன்று முடிந்தால் மறுபடி பூஜ்யம். இடது முட்டியை மாற்றச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு வருடமும் அவள் வரம்பின் பக்கத்தில்கூடப் போனதில்லை. "எனக்கு வர்றதெல்லாம் மலிவு வியாதி" என்பாள். பேருந்தின் மூன்று படியை அவள் ஏறும்போது, பிள்ளைகள் உள்ளேயிருந்து ராக்கெட் விடுவது போல மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார்கள். அவளும் ஏறி முடித்ததும் சல்யூட் அடிப்பாள். வலியைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

மணிக்கட்டு புண்ணியத்தில் இந்த வருடம் வாசல் திறந்திருந்தது. ஆனால் வரம்பு தாண்டியவர்கள் எல்லோரும் அந்த வாசலில்தான் நின்றார்கள். என் நாட்காட்டியில் நவம்பர், டிசம்பர் முழுக்க ஒரு கட்டம் காலியில்லை.

"ஜனவரி பதினாலு தரட்டுமா?" என்றேன்.

"ஜனவரியா? ஜனவரியில நான் மறுபடி ஏழை, கண்ணு."

யாராவது விலகினால் முதலில் அவளைக் கூப்பிடுவதாகச் சொன்னேன். காப்பீட்டுக் கம்பெனியின் அனுமதியை அவளே போனில் மணிக்கணக்காகக் காத்திருந்து வாங்கிவிட்டாள். செவ்வாய்தோறும் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள்.

"இது லஞ்சமா வெர்னா?" என்று கேட்டார் அறுவை மருத்துவர் ஹால்வர்சன் அம்மையார், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே.

"சேச்சே, லஞ்சம்னா வெண்ணெய் கூடப் போட்டிருப்பேன், டாக்டர்."

ரொட்டியைக் கொடுத்த பிறகும் போக மாட்டாள். யாராவது இருமினால் நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்காருவாள். "காய்ச்சலா இருக்கா? ஆபரேஷன் என்னிக்கு? தள்ளிப் போடச் சொல்லிட்டாங்களா?" அவளுடைய கரிசனத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஒருவருக்கு நிஜமாகவே காய்ச்சல். முப்பத்தொன்று காலை எட்டு மணி காலியானது. வெர்னாவுக்கு போன் செய்தேன். முதலில் நாய் குரைத்தது. அதற்குப் பிறகுதான் அவள் சந்தோஷத்தில் கத்தினாள்.

முப்பதாம் தேதி மாலையிலிருந்து பனி கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்காரர்களான நாங்கள் காலையில் நடந்தே வந்துவிட்டோம். ஏழு மணிக்கு மருத்துவர் போனில் அழைத்தார். "என் வாசலே தெரியலப்பா. வெர்னாவை ஜனவரிக்கு மாத்திடு."

வெர்னாவுக்கு போன் போட்டேன். ஒருவழியாகச் சொன்னேன்.

"டாக்டர் ஏரிக்கு அந்தப் பக்கம், பச்சைத் தபால் பெட்டி வீடுதானே? அவங்க பசங்க ரெண்டு பேரும் என் பஸ்தான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

பள்ளி விடுமுறையில் டேல் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். ஒன்பதரைக்கு அந்த ஆரஞ்சு ராட்சதம் எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்: டேல், நடுவில் மருத்துவர், ஓரத்தில் வெறும் வயிற்றோடு வெர்னா.

"என் நோயாளியே என்னை அள்ளிட்டு வந்தது இதுதான் முதல் தடவை" என்றார் மருத்துவர், பூட்ஸை உதறிக்கொண்டு.

"இருபத்தெட்டு வருஷமா நான் யாரையும் வழியில விட்டதில்ல" என்றாள் வெர்னா.

மதியத்துக்குள் முட்டி மாறிவிட்டது. வருடம் முடிய இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது.

ஜனவரி முதல் வாரம், ஊன்றுகோலோடு வந்தவளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். நடக்கப் பயிற்சி, இருபது அமர்வு. கொடுத்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. முட்டியை டிசம்பரில் மாற்றிக்கொண்டு நடக்கப் பழகுவதை ஜனவரிக்கு வைத்துவிட்டோம். மறுபடி முதல் டாலரிலிருந்து அவள் பாடு. அறையில் இருந்த எல்லோரும் இதே தப்பை ஒரு தடவையாவது செய்தவர்கள்.

வெர்னா தாளை இரண்டு தடவை படித்தாள். நான் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணாடியைத் தட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, இந்த வருஷம் ஜனவரியிலயே வரம்பைப் பார்த்து ஏற ஆரம்பிச்சாச்சே! வலது முட்டியும் இப்பல்லாம் கரகரங்குது. நவம்பர் எப்படி இருக்கு, கண்ணு?"

நாட்காட்டியில் நவம்பர் முழுக்க வெள்ளையாக இருந்தது. முதல் கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன்.