பிரசவப் பெட்டியில் ஒன்பது நாள்

மீன் வளர்க்கும் ஆசை தையற்காரிக்குக் கனவிலும் வந்ததில்லை. மாடிவீட்டைக் காலி செய்தவர்கள், வண்டியில் இடமில்லை என்று சொல்லி ஒரு கண்ணாடித் தொட்டியை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே முட்டையிடாமல் குஞ்சாகவே போடும் மோலி மீன்கள் ஏழு. மூன்று ஆரஞ்சு, நான்கு கறுப்பு. தையல் மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் தொட்டி உட்கார்ந்தது. ஒரே வாரத்தில் அவள் காஜா எடுக்கிற வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு மீன்களுக்குச் செல்லம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் கூழாங்கல் இடுக்கில் நாலைந்து குஞ்சுகள் தெரிந்தன. தூசிக்குக் கண் வைத்த மாதிரி இருந்தன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பெற்றவளே முழுங்கியிருப்பாள் என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். அவர் ஒரு வலைப்பெட்டியைக் கொடுத்தார். பிளாஸ்டிக் குச்சிகளைக் கோத்துச் சட்டமாக்கி, கொசுவலைபோன்ற துணியைத் தலையணை உறை மாதிரி அதில் மாட்டி, தொட்டியின் உள்பக்கம் தொங்கவிட வேண்டும். பிள்ளைத்தாச்சி மீனை அதில் விட்டு, குஞ்சு போட்டதும் தாயை வெளியே எடுத்துவிட்டால் குஞ்சுகள் வலைக்குள் பத்திரமாக வளரும்.

யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்தது நாத்தனார். அவள் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். குடும்பத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான். தொட்டிக்கு முன்னால் குனிந்து, ஆரஞ்சில் குண்டாக இருந்த ஒன்றை விரலால் காட்டினாள்.

"அண்ணி, இதுக்கு இன்னைக்கோ நாளைக்கோதான். இந்த மாதிரி எத்தனை வயித்தைப் பார்த்திருக்கேன்."

"மீனையுமா?" என்றார் பஸ் ஓட்டுநரான தையற்காரியின் கணவர்.

"வயிறு வயிறுதான், அண்ணா."

குண்டு மீன் வலைப்பெட்டிக்குள் போனது. இன்றைக்கும் நாளைக்கும் கடந்துபோய் ஒரு வாரம் ஆயிற்று. நாத்தனார் தினமும் போன் செய்து, தெம்பாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் தீனி போடுங்கள் என்றாள். தையற்காரியும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேளைக்கு இரண்டு சிட்டிகை போட்டாள். கணவர்கூட வேலைக்குக் கிளம்புமுன் தொட்டியை எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஆச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். மீன் நாளுக்கு நாள் பெருத்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

ஒன்பதாம் நாள் பொறுமை போய், செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"அக்கா, அடிவயித்துத் துடுப்பைப் பாருங்க. பொம்பளைக்கு அது விசிறி மாதிரி இருக்கும். இதுக்குக் குச்சியா இருக்கு. இது ஆம்பளை. நல்லா சாப்பிட்டிருக்கான்."

கடையில் நின்ற இரண்டு பேர் சட்டென்று கிளிக் கூண்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் அசடு வழிய நிற்கும்போதே கணவரின் போன் வந்தது. சீக்கிரம் வா, கறுப்பு ஒன்று போட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். கறுப்பு உடம்பில் வயிறு பெருத்தது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஓடிவந்தவள் கண்டது, காக்கிச் சட்டையின் கை முழங்கைவரை நனைய, டீ வடிகட்டியோடு குஞ்சு பிடித்துக்கொண்டிருந்த கணவரைத்தான். முதலில் ஆண் மீனை வெளியேற்றினார்கள். அது அவசரமே இல்லாமல் நீந்திப் போயிற்று. பிறகு குஞ்சுகளை ஒவ்வொன்றாக வடிகட்டியில் ஏந்தி வலைக்குள் விட்டார்கள். ஆனால் விட்டதில் ஒன்று மறுபடியும் வெளியே நீந்தியது. குண்டன் ஒன்பது நாளாக மூக்கால் இடித்ததில் மூலையில் தையல் விட்டிருந்தது.

"வலையைத் தைச்சவன் ஒத்தைத் தையல் போட்டிருக்கான் பாவி" என்றாள் தையற்காரி. குஞ்சுகளை ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்கு மாற்றினாள். வலைத்துணியைக் கழற்றி, நைலான் நூலில் நெருக்கமாக இரட்டைத் தையல் போட்டு மாட்டினாள். அதற்குள் கணவருக்கு வேலைக்கு அரைமணி தாமதமாகிவிட்டது. டெப்போவில் என்ன காரணம் சொன்னார் என்பதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். எப்படிச் சொல்வது என்று தையற்காரி மென்று முழுங்கி, கடைசியில் கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். நாத்தனார் தொட்டிக்கு முன்னால் குனிந்து குண்டனின் அடிவயிற்றுத் துடுப்பைத் தேடிப் பார்த்தாள்.

"எங்க மேஜைக்கு வர்றவங்க எல்லாரும் டாக்டர் சீட்டோடதான் அண்ணி வர்றாங்க. நான் என்னத்தக் கண்டேன்" என்றாள்.

அவள் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்து, நாத்தனாருக்குப் புரையேறும்வரை நிற்கவில்லை.

ஐந்து வாரத்தில் பத்தொன்பது குஞ்சுகள் பெரிய மீன்களின் வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையைச் சாய்த்துத் திறந்தபோது பதினேழு வெளியே பாய்ந்தன. இரண்டு மட்டும் மூலையை விட்டு அசையவில்லை. நாத்தனார் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டு, இரண்டையும் விரல்நுனியால் மெல்லத் தள்ளிவிட்டாள்.