கெண்டைக்கால் பாத்துப் படிச்ச படிப்பு

எந்தக் கடை எரியும், எந்த லோரி கவுறும்னு முன்னாடியே பாத்துச் சொல்ற இன்சூரன்ஸ் வேலைக்கு இப்ப பெரிய படிப்பு வேணுமாம்லா. நான் லுக்குட்ல ஒரு ஏஜண்டுக்கு அந்த வேலைய ரொம்ப வருசம் பாத்தேன். கைநாட்டுதான். எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவன் ஜப்பான்காரன். பீசு வாங்கல, அறைஞ்சதோட சரி.

ஜப்பான்காரன் மலாயாவப் புடிச்சு வச்சிருந்த காலம், ரெம்பாவ் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தோம். மூணு வேளையும் மரவள்ளிக்கெழங்கு. அதுலயும் ஒரு சாதி கசக்கும், தலை சுத்தும்... சரி, அது கெடக்கட்டும். சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிச்சிக்கிட்டுப் போனானுங்க. போனவன் வூட்டுல பட்டினி. அதனால லயத்துல, வரிசை வூட்டுல இருந்த பொம்பளைங்க ஒரு ஏற்பாடு பண்ணாங்க. சேந்த வூடெல்லாம் தெனம் ஒரு துண்டு கெழங்கு பொதுக்கூடையில போடணும். ஆம்பளையப் புடிச்சிக்கிட்டுப் போனா அந்த வூட்டுக்கு அதுலேருந்து குடுப்பாங்க. எல்லாரையும் சேத்தா கூடை தாங்காது. எவன் மாட்டுவான், எவன் தப்பிப்பான்னு பாத்துச் சொல்ல ஒரு மேதை வேணும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருக்கு மருந்துப்பொட்டி தூக்குனவன்கிற தகுதியில என்னைப் போட்டாங்க.

காலம்பற ஆள் எண்ணுற பெரட்டுல ஜப்பான்காரன் எங்க பாக்குறான்னு பாத்தேன். கெண்டைக்காலைத்தான் பாத்தான். அப்பறம் என்ன, மலேரியாக்காரன், இருமல்காரன் எல்லாம் தங்கமான ஆளு, தாராளமா சேத்துக்கலாம். தெடமா இருக்கறவன்தான் ஆபத்து.

தங்கச்சி புருசன் வந்தான். மரக்கட்டைய ஒத்தை ஆளா தூக்குறவன். தங்கச்சிக்கு நெறமாசம்.

"மச்சான், என்னையும் கூடையில சேத்துக்குங்க."

"ஒன் காலைப் பாரு மாப்ள, தூணு மாதிரி. ஒன்னைச் சேத்தா ஒரே வாரத்துல கூடை காலி."

"நல்லா வளந்தது தப்பா?"

"தப்புதான்லா. ஒங்க அம்மாவப் போயிக் கேளு."

பெரிய நீதிமான் கணக்கா பேசிட்டேன். தங்கச்சி மூஞ்சியப் பாத்ததும் நீதி எறங்கிப்போச்சு. பச்சை முந்திரிக்கொட்டைய ஒடைச்சு, அந்தப் பாலைக் கால்ல தேய்க்கச் சொல்லி மாப்ளகிட்ட குடுத்தேன். கொப்புளம் வந்து, சீழ் வச்சு, பாக்கவே கொமட்டுச்சு. அருமையான வேலை.

அடுத்த வாரம் பெரட்டுக்கு லோரி வந்துச்சு. ஜப்பான்காரன் மாப்ள காலைப் பாத்தான், மூக்கைப் பொத்திக்கிட்டு நகந்தான். எனக்கு ஒரே பெருமை. ஆனா லோரிக்கு இத்தனை ஆளுன்னு ஒரு கணக்கு இருக்கே. அடுத்து நின்ன இருமல்காரனைப் புடிச்சு ஏத்துனான்.

"இவன் பாதி வழிகூடத் தாங்கமாட்டான்"னு கங்காணி சொன்னாரு. பாவம், அவருக்கும் ஒரு அறை.

மறுநா இருமல்காரன் பொண்டாட்டி தட்டோட வந்தா.

"அவரு போகமாட்டாருன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

கூடைக்குள்ள கைய வுட்டேன். பெரிய துண்டா பாத்து எடுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழிச்சு தங்கச்சிக்கு வலி எடுத்துச்சு. ஓடி வந்து பிரசவம் பாத்ததே இருமல்காரன் பொண்டாட்டிதான். பொம்பளைப் புள்ள. அப்பனைக் கூப்பிட்டு, "காலு ஆறிடிச்சா தம்பி?"ன்னு கேட்டுக்கிட்டே புள்ளையக் கையில குடுத்தா. அவ புருசன் திரும்பி வரவே இல்ல. அந்தப் புண்ணு எப்பிடி வந்துச்சுன்னு அவகிட்ட நான் சொல்லவும் இல்ல.