குவளைத் தண்ணீரின் நிறம்

இன்று என்ன வரைந்தீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் பதில் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் மனுஷனுக்கு. அதனால் அவர் தூரிகை கழுவும் குவளையிடம்தான் நான் சேதி கேட்பது. மாலையில் கொட்டப் போகும்போது தண்ணீர் நீலமாக இருந்தால் வானம். பச்சை என்றால் மரம். சேற்று நிறம் என்றால் படம் கெட்டுவிட்டது, அன்றிரவு பேச்சுக் கொடுக்கக் கூடாது. கல்யாணமான நாள் முதல் இப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

நீர்வண்ண ஓவியர் அவர். காலையில் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டுவார். பக்கத்தில் இரண்டு குவளை, ஒன்று கழுவ, ஒன்று சுத்தமான தண்ணீருக்கு. ஒருமுறை என் காபியில் தூரிகையை முக்கிவிட்டு, "நல்ல பழுப்பு" என்று அதையே சுவராகத் தீட்டிய ஆள். முடியும்வரை படத்தை யாருக்கும் காட்ட மாட்டார். பலகைகள் சுவரைப் பார்த்தே நிற்கும்.

போன மழைக்காலத்தில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. எண்ணெய் வண்ணம் என்றால் மேலே பூசி மறைத்துக்கொள்ளலாம். நீர்வண்ணத்தில் சொட்டு விழுந்தால் விழுந்ததுதான். "மாத்திரை கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது" என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். அதன்பின் குவளைத் தண்ணீர் மாலையிலும் தெளிவாகவே இருந்தது.

"கை போனப்புறம் நான் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டார். தாள் வெட்டும் பிளேடுகளையெல்லாம் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அவர் அறையில் சத்தம் இல்லையென்றால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

பிறகு ஒரு மாலை தண்ணீர் நீலமாக இருந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆனது. மறுநாள் பச்சை, அதற்கடுத்த நாள் இளஞ்சிவப்பு. பிளேடுகளை எடுத்துப்போய் அவர் மேஜையிலேயே திரும்ப வைத்தேன்.

நேற்று மாலை கூட்டும்போது துடைப்பம் பட்டு ஒரு பலகை சாய்ந்தது. ஒட்டிய தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்ததைத் திருப்பினேன். அதுவும் வெள்ளை. எல்லாமே வெள்ளை.

அவர் கதவருகே நின்றிருந்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா? வண்ணத்தைச் சும்மா தண்ணியில கரைச்சு வச்சு யாரை ஏமாத்துறீங்க?"

"உன்னைத்தான்" என்றார். நடுங்கும் கையை மற்ற கையால் பிடித்திருந்தார். "தண்ணி கலரா இருந்தா, குவளை கழுவும்போது ஏதாவது பாடுவே. உனக்கே தெரியாது. நடுவுல அது நின்னுபோச்சு. எனக்குன்னு இருக்கிறது இப்ப அது ஒண்ணுதான்."

குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் நேற்றும் நீலம்தான். பாட வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் ஒருமுறை கேட்டு அடங்கியது, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. பிளேடுகள் அவர் மேஜைமேல் இருந்தன. மறுபடியும் வாயைத் திறந்தேன்.