ஆல்பனா போட்ட அன்று

பாலிகஞ்சில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்த பள்ளியில், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் பெரிய பெண்களும் சின்னப் பெண்களும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து தாழ்வாரம் முழுக்க ஆல்பனா போடுவோம், நல்லதற்குப் பரிசும் உண்டு. கரைத்த அரிசி மாவில் துணியை நனைத்து விரலால் இழுக்கும் வங்காளக் கோலம் அது. பெரியவள் கொடியை இழுப்பாள், சின்னவள் இலையும் புள்ளியும் வைப்பாள். தமிழ் வீட்டுப் பெண், கோலம் போட்டுப் பழகிய கை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

என் ஜோடி இரண்டாம் வகுப்புக் குழந்தை. காகிதத்தில் சில நாள் பழகினோம். அவள் வைக்கும் புள்ளியெல்லாம் இட்லி இட்லியாக இருக்கும். நடுவில் அவள் அம்மா திடீரென்று இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, ஆல்பனா போடும் அன்றுதான் திரும்பி வந்தாள். ஓவிய ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவளப் பக்கத்துலயே வெச்சுக்கோ. கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் அவள் துணியை மாவில் நனைத்ததும் கையைப் பிடித்து நிறுத்தினேன். தாத்தா இறந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கோலம் கிடையாது, பண்டிகை கிடையாது.

"நீ இந்த வருஷம் தொடக் கூடாது."

"தொட்டா என்ன ஆகும், திதி?" அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சாமிக்கு ஆகாது."

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எதுக்கு வம்பு? பேசாம உக்காரு" என்றேன்.

சாஸ்திரத்தின் மேல் எனக்கு அப்படியொன்றும் பக்தி இல்லை. அவளுடைய இட்லிகள் என் கொடியைக் கெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் எங்கள் ஆல்பனாவுக்குத்தான் முதல் பரிசு. அவள் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். அவள் எழுந்து வரவில்லை. சரஸ்வதிக்கு அஞ்சலியாகப் போட எல்லாருக்கும் பூ கொடுத்தபோதும் கை நீட்டவில்லை. ஆசிரியை அவளிடம் ஏன் என்று கேட்டார். நான் கூட்டத்தில் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாசலில் அவள் அப்பா என்னை நிறுத்தினார். மகள் நாலடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரோட்டத் தாண்டும்போதுகூட என் கையப் பிடிக்க மாட்டேங்கறாம்மா. தொட்டா எனக்கு ஏதாவது ஆயிடுமாம். யாரோ சொல்லியிருக்காங்க. உன்கிட்டதான் அவ ஒட்டுதலா இருப்பா. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

குழந்தை என்னையே பார்த்தாள்.

"தெரியாது, அங்கிள்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேருந்தும் டாக்சியும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தத் தெருவை, அப்பாவுக்கு நாலடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டே கடந்து போனாள்.