எண்ணெய்த் தலையோடு நின்ற சார்

அக்காவுக்கு அது கடைசி வாய்ப்பு. அதற்குமேல் போலீஸ் தேர்வு எழுத வயது இடம் கொடுக்காது. இருவரும் சேர்ந்துதான் படித்தோம். நான் முந்தி காவலராகிவிட்டேன், அவள் பிள்ளைப்பேற்றில் பிந்திவிட்டாள்.

தென்காசியில் ஒரு பயிற்சி மையத்துக்காரர் செல்போன் செயலியில் பாட வீடியோக்கள் விற்றார். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க உங்களுடையது என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அக்கா வாங்கினாள். எங்கள் தெருவில் தேர்வில் தேறியவர்கள்தான் தங்கள் கைடுகளை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எல்லாம்தான் போனில் இருக்கிறதே என்று அக்கா தேறுவதற்கு முன்பே தன் கைடை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை.

தேர்வு நெருங்கியபோது ஒரு நாள் கணக்குப் பாடம் திறக்கவில்லை. இந்தத் தொகுப்பு நிறுத்தப்பட்டது, புதியதை வாங்கவும் என்று வந்தது. புதியதில் வகுப்புகளே தேர்வு முடிந்த பிறகுதான் ஆரம்பம். அந்தப் பயிற்சி மையத்து சாருக்குப் போன் செய்தேன்.

"கண்டிஷன்ல தெளிவா போட்டிருக்கும்மா. படிச்சுப் பாக்கலையா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொடுத்த கைடைத் திருப்பிக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் தேறினாள். அக்கா கணக்கில் கோட்டைவிட்டாள். இப்போது ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை மடிக்கிறாள். அந்த ஆள் கையில் சிக்காமலா போவான் என்று நான் கறுவிக்கொண்டே இருந்தேன்.

சிக்கினார். இந்த சீசனில் குற்றாலத்தில் எனக்கு அருவி வாசலில் டியூட்டி. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, சார் சிநேகிதர்கள் புடைசூழ வந்தார். எண்ணெயோடு அருவிக்குள் போகக்கூடாது என்று போர்டு உண்டு. மசாஜ் செய்துகொண்டு வருபவர்களை நாங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அன்று கண்டுகொண்டேன்.

"எண்ணெயோட உள்ள விடமுடியாது சார்."

"என்னம்மா, எல்லாரும் போறாங்க? உங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப்பேரு என் ஸ்டூடண்ட்ஸ், தெரியும்ல?"

"தெரியும் சார். போர்டு வச்சிருக்கு. படிச்சுப் பாக்கலையா?"

முகம் சுருங்கிப்போய் நின்றார். கண்ணில் எண்ணெய் இறங்கி எரிந்திருக்க வேண்டும், துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டே திரும்பினார். சிநேகிதர்கள் சிரித்தார்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

டியூட்டி முடிந்ததும் நேராக இலஞ்சியில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அவன் தலையில எண்ணெ காஞ்சா எனக்கு வயசு குறையுமா, ஏட்டி?" என்றாள்.

குறையாது. எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த சீசனுக்கு வரட்டும், அப்போதும் விடமாட்டேன்.