ஒரே சாக்கில் எல்லாக் கடைத் திறப்பும்

வர்த்தகர் சங்கம் வியாபாரிகளுக்கு அப்படி என்ன செய்து கிழித்தது என்று இப்போதைய பொடியன்மார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புயல் அடித்த வருசம் கூரைத் தகடும் ஆணியும் லொறியில் கொண்டுவந்து இறக்கியது. வெள்ளத்தில் பாதை உடைந்தபோது அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அதிகாரிகளோடு சண்டை பிடித்து மாவும் சீனியும் எடுத்துத் தந்தது. இதை எந்தச் சங்கமும் செய்யும். எங்கள் சங்கம் இன்னொரு வேலையும் செய்தது. எங்கள் கடைத் திறப்புகளை, பூட்டுச் சாவிகளை, எங்களிடமிருந்து வாங்கி ஒரு சாக்கில் போட்டு வைத்தது. அதை ஏன் செய்தது, அதனால் என்ன வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். சோடித்து எழுத எனக்கு வராது.

எண்பதுகளில் கல்முனை பசாரில் எனக்கு ஓர் இரும்புக் கடை இருந்தது. ஆணி, கம்பி, மண்வெட்டி, ஆமைப்பூட்டு விற்றேன். பசாரில் பாதிக் கடைகளின் பூட்டு என்னிடம் வாங்கியதுதான். பக்கத்துக் கடை பாண்டிருப்பு அண்ணனுடைய சில்லறைக் கடை. அவர் தமிழர், நான் முஸ்லிம். அவர் கடைத் தராசு பழுதானால் நான் திருத்துவேன். என் வீட்டுக்குத் தேயிலை அவர் கடையில் இருந்துதான் போகும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இரண்டு அரசாங்கம். தமிழ் இயக்கப் பொடியன்மார் மின்கம்பத்தில் ஒரு தாளை ஒட்டுவார்கள். நாளைக்கு ஹர்த்தால், கடை திறந்தால் தண்டனை. விடிந்ததும் படை முகாமிலிருந்து ஜீப் வரும். கடை பூட்டியிருந்தால் தண்டனை. நாங்கள் பசாரில் ஒழுங்கை ஒழுங்கையாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். என் வயிறு அந்த வருசங்களில் கெட்டதுதான், இன்னும் சரியாகவில்லை.

ஒரு ஹர்த்தால் அன்று படைக்காரர்கள் சந்தியில் இருந்த தேநீர்க்கடைக்காரரின் நெஞ்சில் துவக்கை வைத்து, திற என்றார்கள். அவர் திறந்தார். அவர் திறந்ததைப் பார்த்து நாங்களும் திறந்தோம். அந்த வாரமே இயக்கக்காரர் அவருடைய கடையை எரித்தார்கள். எங்களை ஒன்றும் செய்யவில்லை. முதலில் திறந்தவர் அவராம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே பயம்தான். முதல் ஆளாக மாட்டிவிடக் கூடாது.

அதற்குத்தான் சங்கக் கந்தோரில் கூட்டம் போட்டோம். தலைவர் ஒரு ஹாஜியார், பெரிய புடவைக் கடை முதலாளி. திறப்பு யோசனை அவருடையது.

“ஹர்த்தால் எண்டு தாள் ஒட்டின உடன எல்லாரும் உங்கட திறப்பக் கொண்டுவந்து சங்கத்தில குடுங்க. அவன் வந்து திற எண்டா, திறப்பு என்னட்ட இல்ல, சங்கத்தில எண்டு சொல்லுங்க. ஆரும் தனியத் திறக்க ஏலா. ஆரும் முதல் ஆளும் இல்ல.”

“சங்கத்தில எண்டா ஆருட்ட, ஹாஜியார்?” என்று கேட்டேன்.

“செயலாளருட்டதான்.”

செயலாளர் நான். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர்க்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

திறப்பில் கடைப் பெயர் எழுதிக் கட்டக் கூடாது என்றும் முடிவு செய்தோம். சாக்கு பிடிபட்டால் படைக்காரன் பெயர் பார்த்துக் கடை கடையாகத் திறந்துவிடுவான். அவனவன் தனக்குத் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் அரத்தால் கீறினார். இன்னொருவர் பெண்சாதியின் நகப்பூச்சைத் தடவினார். பாண்டிருப்பு அண்ணன் கோயில் நூல் ஒன்றைச் சுற்றினார். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நானும் நினைத்தேன்.

சில தடவை அது பலித்தது. திறப்பு சங்கத்தில் என்பார்கள். சங்கம் எங்கே என்றால் தலைவர் கொழும்பில் என்பார்கள். அது பொய்யுமில்லை. தாள் ஒட்டினால் ஹாஜியாருக்குக் கொழும்பில் சரக்கு எடுக்கிற வேலை வந்துவிடும். சாக்கு கல்முனைக்குடியில் என் வீட்டில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. நாய் குரைத்தால் நான் எழுந்து அந்த மூட்டைகளுக்கு முன்னால் போய் நிற்பேன். நின்று என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு முகாமுக்குப் புதிய அதிகாரி ஒருவன் வந்தான். அவன் தலைவரைத் தேடவில்லை. செயலாளர் யார் என்று கேட்டிருக்கிறான். அடுத்த ஹர்த்தால் அன்று முற்பகல் ஜீப் என் வாசலில் நின்றது.

மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, “போகாதீங்க, சுகமில்ல எண்டு சொல்லுங்க” என்றாள். அவர்கள் உள்ளே வந்ததும் அவளே ஓடிப்போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள். “இந்தா, குடுத்துத் துலைங்க. எனக்கு நீங்க வேணும், பசார் வேணாம்.”

கொழும்பில் சரக்கெடுத்துப் பழகியதால் எனக்குச் சிங்களம் ஓடும். அதிகாரி சத்தம் போடவே இல்லை. என்னையும் சாக்கையும் பசார்ச் சந்தியில் இறக்கி, நடுத்தெருவில் உட்காரச் சொன்னான். எந்தத் திறப்பு எந்தக் கடைக்கு என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்புறம் சொன்னான், உன் ஆட்கள் வந்து எடுத்துத் திறக்கட்டும், கடைசிக் கடை திறக்கும் வரை நீ இங்கேயே இரு, திறக்காவிட்டால் உன்னை முகாமுக்குக் கொண்டுபோகிறேன்.

வெயிலில் தார் கொதித்தது. ஒழுங்கைகளில் தலைகள் தெரிந்தன. எல்லாம் என் சங்க உறுப்பினர்கள். யாரும் வரவில்லை. வராதே, வந்தால் நீதான் முதல் ஆள் என்று ஒரு பக்கம் நினைத்தேன். வாங்கடா, நான் சாகப்போகிறேன் என்று இன்னொரு பக்கம் நினைத்தேன்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் இருந்து அவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக அல்ல, மொத்தமாக வந்தார்கள். பாண்டிருப்பு அண்ணனும் மற்றத் தமிழ் வியாபாரிகளும் தொழுகை முடியும்வரை பள்ளி மதிலோடு நின்று, தொப்பி போட்டவர்களோடு கலந்து வந்தார்கள். முன்னால் யாரும் நடக்கவில்லை. தெருவின் அகலத்துக்கு ஒரே வரிசை. சங்கம் என்று ஒன்றை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சாக்கில் கையை விட்டார்கள்.

“டேய், அது என்ட திறப்பு!”

“உன்ட எண்டு எழுதியா கிடக்கு? விடுடா.”

“கீறல் போட்டது எனக்கு. ரெண்டு கீறல் ஆருக்கு?”

“காக்கா, நகப்பூச்சு பூசினது உங்கடதானே? வடிவா இரிக்கி, கைக்கும் பூசுங்க.”

நடுத்தெருவில், துவக்குகளுக்கு நடுவில், சிரித்தும் தொலைத்தார்கள். பாண்டிருப்பு அண்ணன் மட்டும் குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். “தம்பி, நூல் கழண்டு போச்சு” என்றார். சாக்கின் அடியில் வெறும் நூல் கிடந்தது. கடைசியில் மிஞ்சிய ஒரு திறப்பை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் அவரவர் கடைக்கு முன்னால் நின்றார்கள். பூட்டில் திறப்பைப் போட்டும் யாரும் திருப்பவில்லை. என்னையும் எழுப்பி என் கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். யார் முதல் என்ற அந்தப் பழைய பயம் எல்லோர் கையிலும் நின்றது. அப்போது, கடை எரிந்து திறக்க ஒன்றும் இல்லாத தேநீர்க்கடைக்காரர் தொண்டையைத் திறந்து, “பிஸ்மில்லாஹ்!” என்று கத்தினார். முழு பசாரும் ஒன்றாகத் திறந்தது. பலகைகள் விழுந்த சத்தம் துவக்குச் சத்தம் மாதிரி இருந்தது.

ஒரு கடை மட்டும் திறக்கவில்லை. என் பக்கத்துக் கடை. அண்ணன் திருப்புகிறார், திறப்பு திரும்பவில்லை. எடுத்துத் துடைத்துப் போட்டுப் பார்க்கிறார். முதுகு சட்டையோடு நனைந்துவிட்டது.

அதிகாரி மெதுவாக நடந்து வந்தான். எல்லோரும் திறந்தாயிற்று, உனக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை, உன் பெயரென்ன, ஊரென்ன என்று கேட்டான். தமிழ்ப் பெயரைக் கேட்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இயக்கக்காரர் சொல்லித்தான் பூட்டி வைத்திருக்கிறாய் என்றான்.

“திறப்பு மாறிப்போச்சு சேர்” என்று நான் சிங்களத்தில் கத்தினேன். “ஆரோ மாத்தி எடுத்திருக்கான்!” அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணனைக் கொலரில் பிடித்து ஜீப்பில் தள்ளினார்கள். ஜீப் போகும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த முகாமுக்குள் போன தமிழ்ப் பொடியன்மார் சிலர் திரும்பி வராதது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் தெருவில் நின்று தூசணத்தால் ஏசினேன். எல்லோரும் திறப்பைக் கொண்டு வாங்கடா, இந்தப் பூட்டில் போட்டுப் பாருங்கடா என்றேன். வந்தார்கள். ஆள் மாறி ஆள் அண்ணனின் பூட்டில் தங்கள் திறப்பைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். ஹாஜியாரின் புடவைக் கடை மனேஜரின் திறப்புக்குத்தான் அது டக்கென்று திறந்து, பலகைகளும் விழுந்தன. ஹாஜியார் கடைப் பூட்டு தேய்ந்துபோன கிழட்டுப் பூட்டு. எந்தத் திறப்புக்கும் வாயைத் திறக்கும். புதுப்பூட்டு வாங்கச் சொல்லி அந்த மனுசனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

“எனக்கென்ன தெரியும்? போட்டன், திறந்துது” என்றார் மனேஜர்.

“இந்தக் கடைக்கு முன்னால நில்லுங்க. நாங்க பூட்டக் கொண்டுபோய் அவனுக்குக் காட்டப் போறம். வாற வரைக்கும் அசையப்படா” என்றேன்.

“ஓம் ஓம்” என்றார்.

முகாமுக்குத் தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை. தேநீர்க்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு சிலரும் வந்தார்கள். கடற்கரைக் காற்று அடித்தும் வேர்த்தது. வாசலில் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றோம். வெயில் சாயும்வரை நின்றோம். அதிகாரி வந்தபோது அவன் கண் முன்னால் இரண்டு திறப்பையும் பூட்டில் போட்டுக் காட்டினேன். திறக்காத திறப்பு, திறந்த திறப்பு. அவசரத்தில் சரியான திறப்பே முதல் தரம் திரும்பவில்லை. என் உயிர் போய் வந்தது. அவன் பூட்டை வாங்கித் தானே திருப்பிப் பார்த்தான். சிரித்தான். உள்ளே யாருக்கோ கையைக் காட்டினான்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன்னால் அண்ணனை விட்டார்கள். ஒரு காது வீங்கிச் சிவந்திருந்தது. நொண்டி நொண்டி வந்தார். தேநீர்க்கடைக்காரர் தோளைக் கொடுத்தார்.

“தம்பி, என்ட கடையத் திறந்தீங்களா?”

“ஓம் அண்ணன். பூட்டு இந்தா கிடக்கு. ஆள் காவலுக்கு நிக்கிது.”

அவர் நின்றுவிட்டார். “திறந்தா கிடக்கு? இவ்வளவு நேரமும்?”

பசாருக்கு வந்தபோது எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்தது. ஜீப் போனதும் அடைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். மனேஜரையும் காணவில்லை. அண்ணனின் கடை மட்டும் பலகை விழுந்தபடி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சரக்கு ஒன்றும் போகவில்லை. தெருவில் ஒரு மனிதரும் இல்லை.

அவர் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பலகைகளைத் தூக்கி அடைத்தார். அடைத்துக்கொண்டே கதைத்தார். “முதல் திறந்தவர எரிச்சாங்கள். எல்லாரும் பூட்டின பிறகும் திறந்து வெச்சவன என்ன செய்வாங்கள், சொல்லு தம்பி? பூட்டிக் கிடந்ததுக்கு இவன் அடிச்சான். திறந்து கிடந்ததுக்கு அவன் வருவான். நான் ஆருட்டப் போய் திறப்பு மாறின கதையச் சொல்ற?”

“சங்கம் கதைக்கும் அண்ணன்” என்றேன்.

“சங்கம்!” என்றார். அவ்வளவுதான்.

ஹாஜியார் கொழும்பிலிருந்து வந்து கூட்டம் வைத்தார். சங்கம் ஒற்றுமையாக நின்றதாம், பாராட்டுத் தீர்மானம் போட வேண்டுமாம். உங்கட கிழட்டுப் பூட்டுக்கும் சேர்த்துப் போடுங்க ஹாஜியார் என்று சொல்லிவிட்டுச் சாக்கை மேசையில் வீசினேன். இயக்கக்காரரிடம் கதைக்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்டேன். போகிறோம், போகிறோம் என்றார்கள். யாரும் போனதாக எனக்குத் தெரியாது.

அண்ணன் அந்தக் கடையை மறுபடி திறக்கவில்லை. சரக்கை வீரமுனையில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் ஏற்றிப் போனார். யாரும் அண்ணனை எரிக்க வரவில்லை, சுடவும் வரவில்லை. வந்திருந்தாலாவது அந்தப் பயம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

ஒரு நாள் பாண்டிருப்புக்கு அவரைப் பார்க்கச் சைக்கிளில் போனேன். வேலியோடு சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே யாரோ அவசரமாக எழும்பி, இருந்த கதிரை விழுந்த சத்தம் கேட்டது, பின்கதவு அடித்தது. அவருடைய மனைவி வாசலுக்கு வந்து, அவர் இல்லை, வயலுக்குப் போய்விட்டார் என்றார். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

“அண்ணன், நான்தான்!” என்று கத்தினேன். “இரும்புக் கடைத் தம்பி!”

பின்வளவில் வாழைச்சருகு மிதிபடும் சத்தம் வந்தது. அது என்னை நோக்கி வரவில்லை. தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.